மறதி நோயருக்கு இல்லம் தேடும்போது

டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் வந்தவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லமும் வழக்கமான முதியோர் இல்லமும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். அதே கட்டில்கள், அதே வராந்தா, வாசலில் அதே பிள்ளையார். வேறுபாடு வேலையில் இருக்கிறது. முதியோர் இல்லத்தில் இருப்பவர் பசித்தால் கேட்பார், வலித்தால் சொல்வார், எங்கே போனாலும் தன் அறைக்குத் திரும்பிவிடுவார். மறதி நோய் முற்றியவரால் இவை மூன்றுமே முடியாமல் போகலாம். பசி அவரிடம் கோபமாக வெளிப்படும். பாத்ரூம் போகவேண்டும் என்பது எழுந்து எழுந்து உட்காருவதாகவும் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுப்பதாகவும் தெரியும். பல்வலி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவதாக முடியும். இந்தக் குறிப்புகளைப் புரிந்துகொள்ளத் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்களா, பகலில் மட்டுமல்லாமல் இரவிலும் இருக்கிறார்களா, நிலைத்து இருக்கிறார்களா என்பதைத்தான் தேடிப்போகும் குடும்பம் முதலில் அறிய வேண்டும். ஏசி, தோட்டம், பூஜை அறை எல்லாம் அதற்கு அடுத்த வரிசை.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் இந்த விகிதம் கூடுதல். இவர்களில் பெரும்பாலோரை வீட்டில்தான் பார்த்துக்கொள்கிறார்கள். பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் மனைவி, மகள் அல்லது மருமகள். இந்த நோய்க்கென்றே இயங்கும் இல்லங்கள் தேவையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. அவையும் பெரும்பாலும் நகரங்களிலேயே இருக்கின்றன. சென்னையில் 1984-இல் தொடங்கப்பட்ட ஸ்கார்ஃப் நிறுவனம் டெம்கேர்ஸ் என்ற பெயரில் மறதி நோயர்களுக்கான சேவையை நடத்துகிறது. பெங்களூரில் நைட்டிங்கேல்ஸ் மருத்துவ அறக்கட்டளை இத்துறையில் நெடுநாளாக இயங்கிவருகிறது. கேரளத்தில் 1992-இல் உருவான ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்ற அல்சைமர் சங்கத்துக்குப் பல நகரங்களில் கிளைகள் உண்டு. எங்கே என்ன வசதி இருக்கிறது என்று விசாரிக்க நல்ல இடம் அது. இவை போக, முதியோர் இல்லமாகத் தொடங்கி, பின்பு பெயர்ப்பலகையில் 'டிமென்ஷியா கேர்' என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டவையும் உள்ளன. அந்த வரிக்குப் பின்னால் தனிப் பகுதியும் தனிப் பணியாளர்களும் இருந்தால் சரி. பலகை மட்டும் மாறியிருந்தால் அது பழைய முதியோர் இல்லம்தான்.

இல்லம் தேடக் கிளம்பும் முன் நோய் இன்னதென்று மருத்துவர் உறுதிசெய்திருக்க வேண்டும். "வயசாச்சு, மறதி வரத்தான் செய்யும்" என்று ஓரிரு ஆண்டுகள் ஓட்டிவிட்டு, நிலைமை கைமீறியதும் நேரே இல்லத்துக்குப் போகிற குடும்பங்கள் நிறைய. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மன அழுத்த நோய், எப்போதோ தலையில் பட்ட அடியால் மூளையுறைக்குக் கீழே மெல்லத் தேங்கிய ரத்தம் ஆகியவையும் மறதி நோய் போலவே தோன்றக்கூடும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அதேபோல், நேற்றுவரை ஓரளவு தெளிவாக இருந்தவர் இரண்டே நாளில் ஆளே மாறிப்போனால், மறதி நோய் திடீரென்று முற்றிவிட்டது என்று நினைப்பதைவிட, சிறுநீர்த் தொற்றோ, மலச்சிக்கலோ, ரத்தத்தில் சோடியம் குறைந்ததோ காரணமா என்று பார்ப்பதே முறை. வீட்டில் "உப்பு இறங்கிடுச்சு" என்று சொல்வது இந்தச் சோடியக் குறைவைத்தான். அந்தக் குழப்பத்தின் நடுவே இல்லத்தில் சேர்ப்பது பற்றி முடிவெடுக்கக் கூடாது. முதியோர் மருத்துவத்துக்கு இந்தியாவில் முதல் புறநோயாளிப் பிரிவு 1978-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில்தான் தொடங்கியது. கிண்டியில் 2024-இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையும் இருக்கிறது. ஆகவே பரிசோதனைக்குத் தனியார் மருத்துவமனைதான் கதி என்பதில்லை.

நோயின் வகை தெரிந்திருப்பது இல்லத் தேர்வுக்கே உதவும். அல்சைமர் வகையில் நினைவு முதலில் தேயும். ரத்தக்குழாய் அடைப்பால் வரும் வகையில் படிக்கட்டில் இறங்குவதுபோல விட்டுவிட்டுச் சரிவு இருக்கும், பக்கவாதமும் சேர்ந்திருக்கலாம். மூளையின் முன்பகுதியைத் தாக்கும் வகையில் ஞாபகம் ஓரளவு நன்றாக இருக்க, நடத்தை மாறும். கூச்சமில்லாமல் பேசுவார், அடுத்தவர் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுவார். வயதும் குறைவாக இருக்கலாம். ஐம்பதுகளில் வருவது உண்டு. அத்தகையவரை எண்பது வயதுப் பாட்டிமார்கள் மட்டும் இருக்கும் சிறு இல்லத்தில் விட்டால் இரு தரப்புக்கும் துன்பம். லூயி பாடி என்ற வகையில் இல்லாத மனிதர்களும் பிராணிகளும் கண்ணுக்குத் தெரியும், நடை தளரும். இவர்களுக்கு ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்துகள் கொடுத்தால் உடல் இறுகி உயிருக்கே ஆபத்தாகலாம். இல்லத்தின் நர்ஸுக்கு இது தெரியுமா என்று கேட்டுப் பார்ப்பதே ஒரு சோதனை.

எப்போது சேர்ப்பது என்பதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. பெயர் மறந்துபோவதாலோ ஒரே கேள்வியை நாற்பது முறை கேட்பதாலோ எந்தக் குடும்பமும் இல்லம் தேடுவதில்லை. இரவுத் தூக்கம் போவது, கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்குவது, கேஸ் அடுப்பைத் திறந்துவிடுவது, குளிக்கவைக்க வருபவரை அடிப்பது, படுக்கையிலேயே மலம் கழிப்பது: இவற்றில் இரண்டு மூன்று சேரும்போதுதான் வீடு தள்ளாடத் தொடங்குகிறது. அதற்கும் முந்தைய அறிகுறி பார்த்துக்கொள்பவரிடம் தெரியும். எழுபத்தைந்து வயது மனைவிக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது. மகள் வேலையை விடுகிறாள். மருமகள் பேசுவதை நிறுத்திக்கொள்கிறாள். பராமரிப்பவர் நோயில் விழுவது இல்லத்தை நாடப் போதுமான காரணம். "பெத்த தாயை ஹோம்ல தள்ளிட்டாங்க" என்று சொல்லும் உறவினர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அப்படிச் சொல்பவர்களை ஒரு வாரம் வந்து இரவில் கண்விழிக்கும்படி கேட்டால் பேச்சு அடங்கிவிடும் என்பது பல குடும்பங்கள் கண்டறிந்த உண்மை.

இல்லத்துக்கு முன்பு முயல வேண்டிய இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, ஏஜென்சி மூலம் வீட்டுக்கு அட்டெண்டர் அமர்த்துவது. பன்னிரண்டு மணி நேரம், இருபத்துநான்கு மணி நேரம் என்று இரு வகையில் ஆள் தருவார்கள். நல்லவர் அமைந்தால் இதைவிடச் சிறந்தது இல்லை. சிக்கல் என்னவென்றால், பழகிய ஆள் ஊருக்குப் போய்விட்டால் ஏஜென்சி மறுநாள் வேறொருவரை அனுப்பும். மறதி நோயருக்கோ ஒவ்வொரு புது முகமும் வீட்டில் நுழைந்த அந்நியர். "என் நகையைத் திருட வந்திருக்கா" என்ற புகார் அன்றே தொடங்கிவிடும். இன்னொன்று பகல்நேரப் பராமரிப்பு மையம். காலையில் விட்டு மாலையில் அழைத்து வருவது. நோயின் தொடக்க, நடுக் கட்டங்களில் இது நன்றாகப் பயன்படும். அந்த மையமே தங்கும் இல்லத்தையும் நடத்தினால் பின்னால் இடம் மாறும்போது முகங்கள் பழகியிருக்கும். சில இல்லங்கள் இரண்டு வாரம், ஒரு மாதம் என்று குறுகிய காலம் தங்கவைப்பதுண்டு. நிரந்தரமாகச் சேர்க்கும் முன் அப்படி ஒருமுறை விட்டுப் பார்ப்பது விவரக் குறிப்பேட்டைப் படிப்பதைவிடப் பல மடங்கு மேல்.

இல்லத்தை நேரில் பார்ப்பதில் நேரம் முக்கியம். சொல்லிவிட்டுப் போனால் காலை பதினொரு மணிக்கு வரச் சொல்வார்கள். அப்போது எல்லோரும் குளித்து, பொட்டிட்டு, தலைவாரி உட்கார்ந்திருப்பார்கள். அதைப் பார்ப்பதில் தவறில்லை. அதோடு நிறுத்திக்கொள்வதுதான் போதாது. மறதி நோயருக்கு மாலை நேரம் கடினமானது. வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் பதற்றம் ஏறும், "வீட்டுக்குப் போகணும்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் முன்னறிவிப்பில்லாமல் போய், அந்த வேளையை அங்கே எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பகலில் பத்துப் பேருக்கு மூன்று ஆட்கள் இருந்த இடத்தில், ஷிஃப்ட் மாறிய பின் இருபது பேருக்கு ஒருவர் இருக்கக்கூடும். அந்த ஒருவரும் இரவு பத்து மணிக்குப் பாய் விரித்துப் படுத்துவிட்டால், நடுராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தவர் விழுந்தது காலையில்தான் தெரியும். இடுப்பெலும்பு முறிவில் முடிகிற பல கதைகளின் தொடக்கம் இது.

உள்ளே நுழைந்ததும் மூக்கு ஒரு தகவல் தரும். எங்கோ ஒரு மூலையில் சிறுநீர் வாடை அடிப்பது இயல்பு. யாருக்கோ இப்போதுதான் துணி நனைந்திருக்கலாம். வீடு முழுக்க நிலைத்த வாடை வேறு. ஃபினைல் வாடை மட்டுமே தூக்கலாக இருந்தால் அதையும் நம்ப முடியாது. அடுத்து, பகல் வேளையில் எத்தனை பேர் தலை தொங்கத் தூங்குகிறார்கள் என்று எண்ண வேண்டும். ஒருவரிருவர் என்றால் முதுமை. வரிசையாக எல்லோருமே என்றால் மாத்திரை. நாற்காலியோடு துப்பட்டாவாலோ பழைய சேலையாலோ யாரையாவது கட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பதும் அவசியம். "விழுந்துடக் கூடாதுன்னுதான்" என்று விளக்கம் வரும். கட்டப்பட்டவர் திமிறி எழும்போது நாற்காலியோடு சேர்ந்து விழுவார் என்பது தெரிந்தவர்கள் அந்த விளக்கத்தை ஏற்பதில்லை.

ஆயாக்கள் பேசும் விதம்தான் எல்லாவற்றையும்விட அதிகம் சொல்லும். மறதி நோயரை "வா, போ, உக்காரு" என்று ஒருமையில் அதட்டுகிறார்களா, "அம்மா, கை குடுங்க, மெதுவா எழுந்திருப்போம்" என்று சொல்லிவிட்டுத் தொடுகிறார்களா? முகத்துக்கு நேரே வந்து பேசுகிறார்களா, பின்னாலிருந்து தோளைப் பிடித்துத் தூக்குகிறார்களா? வந்திருக்கும் விருந்தினர் முன்னிலையில் யாருக்கு டயப்பர் மாற்ற வேண்டும் என்று உரக்கக் கேட்கிறார்களா? பத்து நிமிடம் ஓரமாக உட்கார்ந்திருந்தால் இவை தானாகத் தெரிந்துவிடும். மேலாளரிடம் ஒரு மணி நேரம் பேசினாலும் தெரியாது. மொழியையும் பார்க்க வேண்டும். ஒடிசா, ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்து வேலை செய்பவர்கள் பலர். அவர்களில் மிகப் பொறுமையானவர்கள் உண்டு. ஆனால் நோய் முற்ற முற்ற, பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவி வீட்டு மொழி மட்டும் எஞ்சுவது பலரிடம் காணப்படுகிறது. அறுபது ஆண்டு தமிழ் பேசிய மதுரைப் பாட்டி சௌராஷ்டிரத்துக்கும், சென்னைத் தாத்தா தெலுங்குக்கும் திரும்பிவிடுவார்கள். அந்த மொழி தெரிந்த ஒருவராவது இல்லத்தில் இருப்பது பெரிய ஆறுதல். இல்லையென்றால் தண்ணீர், வலி, பாத்ரூம், பசி போன்ற பத்து இருபது சொற்களை எழுதிக் கொடுக்கலாம்.

மேலாளரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் பலவானாலும், ஆம், இல்லை என்று முடிகிற கேள்விகளால் பயன் இல்லை. "நல்லா பாத்துக்குவீங்களா?" என்றால் "எங்க அம்மா மாதிரி பாத்துப்போம்" என்றுதான் பதில் வரும். "நாலு நாளா குளிக்க மாட்டேன்னு அடம்பிடிக்கிறாங்க, என்ன பண்ணுவீங்க?" என்று கேட்க வேண்டும். அனுபவமுள்ளவர் உடனே சொல்லத் தொடங்குவார்: வேளையை மாற்றிப் பார்ப்போம், சூடு பொறுக்கும் தண்ணீரில் முதலில் காலை நனைப்போம், உடம்பை ஒரு துண்டால் மூடிக்கொண்டே குளிப்பாட்டுவோம், அன்று விட்டுவிட்டு ஈரத்துணியால் துடைப்போம், பெண்ணுக்குப் பெண்தான் போவார். அனுபவமில்லாதவர் "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்" என்பார். இதேபோல, கடைசியாக இங்கே ஒருவர் விழுந்தபோது என்ன நடந்தது, எந்த மருத்துவமனைக்குப் போனீர்கள், குடும்பத்துக்கு எத்தனை மணிக்குச் சொன்னீர்கள், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பாதி ஆட்கள் ஊருக்குப் போகும்போது யார் இருப்பார்கள், இப்போது பணியில் இருப்பவர்களில் மூத்தவர் எத்தனை ஆண்டாக இருக்கிறார் என்று கேட்கலாம். இங்கே யாருமே விழுந்ததில்லை என்று சொல்லும் இல்லத்தைவிட, விழுந்தவர்களின் பதிவேட்டை எடுத்துக் காட்டும் இல்லம் நம்பத்தக்கது. பணியாளர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருந்தால், மேலாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அங்கே மறதி நோயரை அறிந்தவர் யாரும் இருக்க மாட்டார்.

கட்டடத்தில் பார்க்க வேண்டியவை குறைவு. பாத்ரூம் தரை காய்ந்திருக்கிறதா, கைப்பிடி இருக்கிறதா, கக்கூஸ் கட்டிலிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கிறதா, இரவில் அங்கே விளக்கு எரிகிறதா. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரையில் கறுப்புக் கட்டம் சிலருக்குப் பள்ளமாகத் தெரியும். கால் வைக்க மறுப்பார்கள். கண்ணாடியில் தெரிவது யாரோ என்று பயப்படுபவர்களும் உண்டு, ஆதலால் மூடிவைக்க முடிகிற கண்ணாடி நல்லது. வாசல் பூட்டியிருக்க வேண்டும். ஆனால் பூட்டுக்குள்ளே நடக்க இடமும் இருக்க வேண்டும், சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துசேரும் நடைபாதை என்றால் சிறப்பு. நெதர்லாந்தின் வேஸ்ப் நகரில் 2009-இல் உருவான ஹோகவேய்க் குடியிருப்பு இதையே ஒரு கிராமமாக விரித்தது: கடை, தெரு, சதுக்கம் எல்லாம் உள்ளேயே, நோயர்கள் விருப்பம்போல் நடமாடலாம். அந்தச் செலவு இங்கே யாருக்கும் கட்டுப்படியாகாது. ஒரு மாமரத்தைச் சுற்றிச் சமதளமாக ஒரு பாதை போட்டால் அதன் சாரம் வந்துவிடும். கிணறும் திறந்த சம்ப்பும் இருக்கவே கூடாது.

சாப்பாட்டு வேளையில் இருந்து பார்ப்பது பாதி ஆய்வு முடிந்ததற்குச் சமம். ஒருவருக்கு ஊட்டப் பொறுமையாக உட்கார்ந்தால் அரை மணிக்கு மேல் ஆகும். ஆள் குறைந்த இடத்தில் பத்து நிமிடத்தில் ரசம் சாதத்தைக் கரைத்து ஊற்றிவிடுவார்கள். நோய் முற்றும்போது விழுங்குவது தடுமாறும். உணவு மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியா வரும். நிமிர்ந்து உட்காரவைத்து, சின்னக் கரண்டியில், முந்தைய வாய் இறங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்ததைக் கொடுக்கிறார்களா என்று கவனிக்க வேண்டும். சைவம், அசைவம், விரத நாள், காலை ஃபில்டர் காபி ஆகியவை சின்ன விஷயமாகத் தோன்றினாலும், எல்லாம் மறந்தவர் நாக்கை மறப்பதில்லை. மாதாமாதம் எடை பார்த்து எழுதுகிறார்களா என்று கேட்டு, அந்த நோட்டையும் பார்த்துவிடலாம். எடை மெல்லக் குறைந்துவருவதைப் போல உண்மை சொல்லும் கணக்கு வேறில்லை.

மருந்து விஷயத்தில் குடும்பம் விழிப்பாக இருந்தே ஆகவேண்டும். டோனபெசில், மெமன்டின் போன்றவை நோயின் அறிகுறிகளை ஓரளவு மட்டுப்படுத்தத் தருபவை. அவற்றால் நோய் தீர்வதில்லை. ஆபத்து வேறு பக்கம். கத்துபவர், அலைபவர், தூங்காதவர் ஆகியோரை அடக்க ரிஸ்பெரிடோன், க்யூடியாபின், ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்துகளைத் தருவது எளிய வழி. டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இம்மருந்துகள் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இவற்றில் புதியவை பற்றி 2005-லேயே, ஹாலோபெரிடால் போன்ற பழையவை பற்றி 2008-இல் எச்சரித்தது. அதற்காக ஒருபோதும் தரக்கூடாது என்று சொல்ல முடியாது. தனக்கோ பிறருக்கோ காயம் விளைவிக்கும் நிலையில் குறைந்த அளவில், குறுகிய காலம் தேவைப்படலாம். எந்த மருத்துவர் எழுதினார், எதற்காக, எப்போது மறுபடி பார்த்து நிறுத்துவார், தொடங்கும் முன் குடும்பத்திடம் சொல்வார்களா என்ற கேள்விகளுக்குத் தெளிவான பதில் இருக்க வேண்டும். கத்தலுக்குப் பின்னால் மலச்சிக்கலோ பல்வலியோ இருக்கிறதா என்று முதலில் பார்க்கும் இல்லம், மாத்திரையைக் கடைசியில்தான் எடுக்கும். சளி, அரிப்பு, சிறுநீர் அடக்க முடியாமை ஆகியவற்றுக்கான சில மாத்திரைகளே குழப்பத்தைக் கூட்டும் என்பதால், சேர்க்கும்போது உட்கொள்ளும் மருந்து எல்லாவற்றையும், கடையில் தானாக வாங்கிப் போடுவது உட்பட, ஒரே தாளில் எழுதித் தருவது நல்லது.

இன்னொரு தாள் அதைவிட முக்கியம்: அந்த மனிதரைப் பற்றியது. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் பணியாற்றிய டாம் கிட்வுட் 1997-இல் எழுதிய நூல், நோயைவிட நோயுற்ற மனிதரை முன்னிறுத்திய பராமரிப்புக்கு அடித்தளம் இட்டது. அவர் வாதம் நம் வீடுகளில் சொல்லாமலே புரியும். பஸ் கண்டக்டராக இருந்தவர் இல்லத்தில் எல்லோரிடமும் டிக்கெட் கேட்டு நடப்பார். அவருக்கு ஒரு தோல்பையும் நாலு தாளும் கொடுத்தால் மாலை அமைதியாகக் கழியும். ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர் சாயங்காலம் நாலு மணிக்கு வாசலில் நின்று "பள்ளிக்கூடம் விட்டாச்சு, பிள்ளைங்க வரல" என்று பதறுவார். அவரிடம் "உங்க பிள்ளைக்கே அறுபது வயசு" என்று திருத்துபவர் நிலைமையைக் கெடுக்கிறார், "என்ன பலகாரம் செஞ்சு வெச்சிருக்கீங்க?" என்று கேட்பவர் அவரை உள்ளே அழைத்து வந்துவிடுகிறார். இறந்துபோன கணவரைத் தேடுபவரிடம் அவர் இறந்ததை ஒவ்வொரு நாளும் புதிதாக அறிவிப்பது ஒவ்வொரு நாளும் துக்கச் செய்தி சொல்வதாகும். இவற்றை ஆயாக்கள் ஊகிக்க முடியாது. வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள், பிறந்த ஊர், செய்த வேலை, இறந்துபோன நெருங்கியவர்கள், பிடித்த பாட்டு, கும்பிடும் சாமி, எதைப் பார்த்தால் பயம், எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார், எதைச் சொன்னால் சிரிப்பார் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். வாங்கி மடித்துக் கோப்பில் வைத்துவிடுகிறார்களா, நின்று படித்துக் கேள்வி கேட்கிறார்களா என்பதும் தேர்வின் ஒரு பகுதி.

பணம், சட்டம் இரண்டும் சுருக்கமாகப் பேசித் தீர்க்க வேண்டியவை. மாதக் கட்டணத்துக்குள் எது அடக்கம், எது தனி என்று எழுத்தில் வாங்க வேண்டும். டயப்பர், பிசியோதெரபி, மருத்துவமனையில் உடனிருக்கும் ஆள், இரவுத் தனி அட்டெண்டர் ஆகியவை சேர்ந்து பில்லை எங்கோ கொண்டுபோய்விடும். டெபாசிட் எப்போது, எவ்வளவு திரும்பும், ஆண்டுக்கு எவ்வளவு கூட்டுவார்கள், நோயர் மருத்துவமனையில் இருக்கும் நாட்களுக்குக் கட்டணம் உண்டா என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு மருத்துவமனைச் சிகிச்சைக்கே. இல்லத்தில் தங்கும் செலவுக்கு அதை நம்பக் கூடாது. 70 வயதானோருக்கு 2024 முதல் விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டமும் அப்படியே. இல்லம் எந்தச் சட்டத்தின் கீழ் பதிவானது, 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படியா, முதியோர் இல்லமாகவா என்று கேட்டுச் சான்றிதழைப் பார்ப்பது நல்லது. சொத்து, வங்கி விஷயங்களை நோயின் தொடக்கத்திலேயே ஒழுங்குபடுத்தாவிட்டால் பின்னால் வழி அடைபடும். பவர் எனப்படும் அதிகாரப் பத்திரத்தை எழுதிக் கொடுத்தவர் தெளிந்த மனநிலையை இழந்தால் அந்தப் பவரும் ஒப்பந்தச் சட்டப்படி முடிந்துபோகும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதன் பிறகு பாதுகாவலர் நியமனத்துக்கு உயர் நீதிமன்றம் வரை போக நேரிடலாம். ஓய்வூதியருக்கு ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று தேவை. மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரிலும், 80 வயதானவர்கள் அக்டோபர் முதலும் தரலாம். முகத்தைப் படம்பிடித்தே சான்று தரும் வசதி இப்போது இருப்பதால், இல்லத்திலிருந்தே இதை முடிக்க ஒத்துழைப்பார்களா என்று கேட்டு வைக்கலாம். புகார், ஆலோசனை எதுவானாலும் முதியோருக்கான தேசிய உதவி எண் 14567.

உடன்பிறந்தவர்களுக்குள் யார் முடிவெடுப்பது என்பதை இல்லத்தின் வாசலில் வைத்துப் பேசக் கூடாது. அமெரிக்காவில் இருக்கும் மகன் வீடியோவில் பார்த்துவிட்டு ஓர் உத்தரவு, உள்ளூர் மகள் நேரில் பார்த்துவிட்டு இன்னோர் உத்தரவு என்று போனால் பணியாளர்கள் இரண்டையும் கேட்க மாட்டார்கள். ஒரே ஒருவர்தான் இல்லத்தோடு பேசுபவர் என்று முன்பே எழுதிக் கொடுத்துவிட்டு, மற்றவர்கள் அவரிடம் கேட்டுக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

கொண்டுபோய்ச் சேர்க்கும் நாளுக்குக் காலை வேளையே ஏற்றது. புதுத் துணி, புதுப் போர்வை வாங்குவதைவிடப் பழகிய தலையணையும் நிறம் மங்கிய போர்வையும் நல்லவை. அண்மைக்காலப் புகைப்படத்தைவிட இளமைக்காலப் புகைப்படம் அடையாளம் தெரியும். தங்க வளையல், மோதிரம், தோடு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். தாலி மட்டும் சிக்கல்; கழற்றச் சம்மதிக்கவே மாட்டார்கள். மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு கோத்து மாற்றிப் போடுவது பல வீடுகளில் கைகண்ட வழி. கண்ணாடி, பல்செட், காதுக் கருவி ஆகியவற்றில் பெயர் எழுதி ஒட்ட வேண்டும்; இவை மூன்றும் இல்லங்களில் அடிக்கடி ஆள் மாறிப் போகும்.

முதல் சில வாரங்களில் நிலைமை முன்பைவிட மோசமாகத் தோன்றும். இடம் மாறியதே அதற்குப் போதுமான காரணம். ஒரு மாதம் யாரும் வரவே வேண்டாம் என்று சொல்லும் இல்லங்கள் உண்டு; பழகட்டும் என்பது அவர்கள் நோக்கமாக இருந்தாலும், உள்ளே நடப்பதைப் பார்க்க ஆளில்லாத மாதமாக அது ஆகிவிடுவதால் ஏற்கத்தக்கதல்ல. அடிக்கடி வந்து, கொஞ்ச நேரம் இருந்து, சாப்பாட்டு வேளையிலோ தூங்கப்போகும் வேளையிலோ விலகுவது எளிது. நீண்ட விடைபெறல் இருவருக்கும் வேதனை. வரும்போதெல்லாம் நகம் வெட்டியிருக்கிறதா, வாய் சுத்தமா, நாக்கு வறண்டிருக்கிறதா, கையில் கன்றிய தழும்பு உண்டா, குதிகாலிலும் முதுகின் அடிப்பகுதியிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படுக்கைப்புண் அந்தச் சிவப்பில்தான் தொடங்கும். கன்றிய இடத்துக்குப் பணியாளர் தரும் விளக்கம் பதிவேட்டில் இருந்தால் ஒன்று, கேட்ட பிறகு யோசித்துச் சொன்னால் வேறு. ஆயாவின் பெயரைத் தெரிந்துகொண்டு, அவர் வீட்டு நலம் விசாரித்து, நல்லதைக் கண்டால் அன்றே சொல்லிவிடும் குடும்பத்துக்கு உண்மைத் தகவல் தானாக வரும்.

சேர்க்கும்போதே கேட்டுவிட வேண்டிய இன்னொன்றைப் பெரும்பாலோர் கேட்பதில்லை: எதுவரை வைத்திருப்பீர்கள்? நடமாடும் நோயரை மட்டும் ஏற்று, படுக்கையில் விழுந்ததும் "இனி எங்களால முடியாது, கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லும் இல்லங்கள் உண்டு. அது தவறான கொள்கை என்று சொல்வதற்கில்லை. முன்பே தெரிந்திருந்தால் குடும்பம் மாற்று ஏற்பாட்டை யோசித்து வைத்திருக்கும். கடைசிக் கட்டத்தில் விழுங்க முடியாதபோது குழாய் வைத்து உணவு செலுத்தலாமா என்ற கேள்வி வரும். மறதி நோய் முற்றியவர்களுக்குக் குழாயால் ஆயுள் கூடுவதாகவோ நிமோனியா தவிர்க்கப்படுவதாகவோ சான்று இல்லை என்பதால், கையால் மெல்ல ஊட்டுவதையே முதியோர் மருத்துவ அமைப்புகள் பரிந்துரைக்கின்றன. அதற்கு நேரம் ஒதுக்கும் ஆள்பலம் இல்லத்தில் இருக்கிறதா, ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ஐ.சி.யூ.வுக்கு அனுப்புவார்களா, வலிநிவாரண மருத்துவர் வந்து பார்ப்பாரா, கடைசி நாட்களில் குடும்பத்தில் ஒருவர் இரவு தங்க இடம் உண்டா என்பதைப் பேசி, மருத்துவர் முன்னிலையில் எழுதி வைப்பது நல்லது. இல்லத்திலேயே உயிர் பிரிந்தால் இறப்பை உறுதிசெய்து சான்று எழுதித்தர எந்த மருத்துவர் வருவார், நள்ளிரவானால் யாருக்கு ஃபோன் செய்வார்கள், உடலை அங்கிருந்தே மயானத்துக்கு எடுத்துச் செல்ல அனுமதிப்பார்களா, வீட்டுக்குத்தான் கொண்டுபோக வேண்டுமா என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும்.